தேடுபொறியாருக்கு ஒரு கருவாட்டுக் கடை விண்ணப்பம்

அனுப்புநர்: கருவாட்டு வியாபாரி ஒருவர், நோணாங்குப்பம், அரியாங்குப்பம் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்: மேன்மைதங்கிய தேடுபொறி அவர்கள், முதல் பக்கம், உலகம்.

பொருள்: கருவாட்டுக்குக் கீவேர்டு ஒதுக்கித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில், சுண்ணாம்பாற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப்பெயரைத் தட்டினால் போட் ஹவுஸ், பாரடைஸ் பீச், படகுக் கட்டணம், அங்கே போய்வந்த குடும்பங்களின் செல்ஃபி என்று வரிசைகட்டிக் காட்டுகிறீர்கள். படகில் ஏறாத சிலரும் இங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு வாக்காளர் பட்டியல் ஒன்றுதான் சாட்சி.

அம்மா கூடையில் வைத்து விற்ற கருவாட்டை நான் இணையக் கடையில் ஏற்றியிருக்கிறேன். அம்மாவின் வியாபாரத்தில் கீவேர்டு கிடையாது. "எம்மா, அந்த நீட்டு மீனு, வெள்ளியாட்டம் மின்னுமே, அது இருக்கா?" என்று ஒருவர் கேட்பார். "வாளைதானே, இரு" என்று அம்மா எடுத்துக் கொடுப்பார். வந்தவருக்குப் பெயர் தெரியாது, சரக்கு கிடைத்துவிடும். இந்தக் கலையைத் தாங்கள் பல கோடி டாலர் செலவில் கற்றுக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். 2019-ல் தங்கள் குலத்து மூத்தவரான கூகுள், தேடுபவரின் வாக்கியத்தை முழுசாகப் புரிந்துகொள்ள 'பெர்ட்' என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். புரிந்துகொள்கிறவருக்கு நான் எதற்குச் சொல் பொறுக்கித் தர வேண்டும் என்பது என் முதல் ஐயம்.

ஆனால் தர வேண்டியிருக்கிறது. வாளைக் கருவாட்டுக்குப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள். வி, ஏ, எல், ஏ, ஐ என்று ஐந்து எழுத்தைத் தட்டினால் அது வாளையும் ஆகும், வாழையும் ஆகும், மீன்பிடி வலையும் ஆகும், கைக்குப் போடுகிற வளையும் ஆகும். மீன் தேடி வந்தவருக்கு வாழைக்காய் சிப்ஸ் காட்டினால் சைவர்களாவது சந்தோஷப்படுவார்கள். காரப்பொடி இன்னும் மோசம். எங்கள் கரையில் அது மீன், சின்னதாய், தட்டையாய், குழம்பில் போட்டால் ஊரே மணக்கும். ஊரைத் தாண்டினால் அது மிளகாய்த்தூள். காரப்பொடிக் கருவாடு கேட்டவருக்கு அந்தத் தூளை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எண்ணெயோடு பரிந்துரைக்கிறது தங்கள் அறிவு.

சரி, தமிழிலேயே எழுதிவிடலாம் என்று துணிந்தேன். அங்கேதான் சுங்கச்சாவடி. பெரிய சந்தைத் தளம் ஒன்றில் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத கீவேர்டுப் பெட்டி ஒன்று உண்டு. அதன் கொள்ளளவு 250 பைட்டுக்குள். எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுவதுதான் விசேஷம். யூடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழுக்கு 3. அதுவும் 'க' தனி, அதன்மேல் ஏறுகிற கொம்பும் காலும் தனித்தனி. ஆகவே 'கருவாடு' 21 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 8. 'கானாங்கெளுத்தி' 42, ஆங்கிலத்தில் 12. புள்ளிக்குக்கூட 3 பைட் வாங்குகிறீர்கள் ஐயா! நெத்திலி, சுறா, திருக்கை, சென்னாகுன்னி என்று நாலு பேரை ஏற்றுவதற்குள் பெட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு நிரம்பிவிடுகிறது. இப்படியே போனால் வஞ்சிரத்தைப் படிக்கட்டில் தொங்கவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

எந்தச் சொல் ஓடும் என்று தெரிந்துகொள்ளத் தங்கள் குலத்து மூத்தவரே ஒரு கருவி தருகிறார், கீவேர்டு பிளானர் என்று. விளம்பரத்துக்கு அதிகம் செலவழிக்காதவர்களுக்கு அது சரியான எண்ணைக் காட்டாது. மாதம் 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று எல்லை மட்டும் காட்டும். எங்கள் பக்கம் வலை இழுக்கிறவரிடம் எவ்வளவு பாடு என்று கேட்கும்போது, அவர் 'பத்து மீனும் இருக்கலாம், நூறும் இருக்கலாம்' என்று சொன்னால் ஏலக்காரர் அடிக்க வருவார். எங்கள் ஊர்ப் பெயர்கள் பலவற்றுக்கு அந்த எல்லையும் இல்லை, வெறும் கோடு. சென்னாகுன்னியை யாரும் தேடுவதில்லை, ஆகவே பக்கத்தில் எழுதாதே என்கிறார் எனக்கு வாய்த்த கீவேர்டு ஆலோசகர். எழுதாததால் யார் கண்ணிலும் படுவதில்லை, படாததால் யாரும் தேடுவதில்லை. அடுத்த மாதமும் கோடுதான்.

இந்த ஆலோசகர் எழுதிக் கொடுத்த மாதிரிப் பத்தியைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்: "சிறந்த கருவாடு ஆன்லைன் வாங்க நினைக்கும் கருவாடு பிரியர்களுக்கு எங்கள் கருவாடு ஆன்லைன் கடையில் சிறந்த கருவாடு விலை குறைந்த கருவாடு." இதைப் படித்த அம்மா, எழுதியவருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். மனிதர்களுக்காக எழுதுங்கள் என்று தாங்கள்தான் ஓயாமல் போதிக்கிறீர்கள். மீறினால் தண்டனையும் உண்டு. 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ கம்பெனி, 'பழைய கார்' என்ற சொல்லைத் திணித்து, இயந்திரத்துக்கு மட்டும் காட்டும் பக்கங்களை வைத்திருந்ததற்காக, அதன் தளத்தையே பட்டியலிலிருந்து தூக்கினார் கூகுள். சில நாளில் மன்னித்துத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார். என்னைத் தூக்கினால் மன்னிக்கவேண்டும் என்ற நினைப்பு யாருக்கு வரும்? கீவேர்டு என்று தனியாகப் பக்கத்தின் தலையில் ஒளித்து எழுதும் 'மெட்டா' வரியைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் அவரே சொல்லிவிட்டார். அதை நிரப்பித் தருவதற்கு இன்றும் பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செத்தவர் பெயரில் ரேஷன் வாங்குவதைக் குற்றம் என்கிறது அரசு.

இலவச வரிசையில் இடமில்லாவிட்டால் சொல்லை ஏலத்தில் எடுக்கச் சொல்கிறீர்கள். என் கடைப் பெயரை ஒருவர் தட்டினால், அதற்கு மேலே அடுத்த கடைக்காரரின் விளம்பரம் வரலாம். வராமல் தடுக்க என் பெயருக்கு நானே வாடகை கட்ட வேண்டும். சென்னைத் திருமணத் தகவல் நிறுவனமான கன்சிம் இன்ஃபோ, தன் பெயர்களைப் போட்டியாளர்கள் கீவேர்டாக எடுப்பதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தமிழ், மேட்ரிமோனி போன்ற பொதுச் சொற்களை ஒருவரே பட்டா போட்டுக்கொள்ள முடியாது என்று 2010-ல் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. கருவாடும் ஊர்ப்பொதுதான், நானும் பட்டா கேட்கவில்லை. ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத சொல்லைத் தாங்கள் மட்டும் க்ளிக்குக்கு இவ்வளவு என்று நாள்தோறும் குத்தகைக்கு விடுகிறீர்களே, அந்தப் பொறம்போக்கு எந்தச் சர்வே எண்ணில் வருகிறது என்று தெரிவித்தால் கொம்யூன் பஞ்சாயத்தில் நானும் விசாரித்துக்கொள்வேன்.

எழுத்துப் பிழைக்காகத் தங்களைக் குறை சொல்லவும் மாட்டேன். பக்கத்து அரிக்கமேட்டுத் துறைமுகத்தை, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு 'பொதுகே' என்று குறித்ததாக அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டே கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1945-ல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் இத்தாலியப் பாண்டங்களும் கிடைத்தன. இன்று பாண்டி, பாண்டிச்சேரி, புதுவை, 2006-ல் அரசு மாற்றிய புதுச்சேரி என்று எல்லா அவதாரத்தையும் பக்கத்தில் எழுதினாலும், இங்கேயே இருக்கிற லாஸ்பேட்டையிலிருந்துகூட ஒரு கருவாட்டு ஆர்டர் வர மாட்டேன் என்கிறது.

ஆகவே வாளையை வாழையிலிருந்து பிரித்துத் தரவும், சென்னாகுன்னிக்குக் கோட்டுக்குப் பதில் ஓர் எண்ணாவது வழங்கவும், கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் விதிக்கும் பைட் வரியைத் தள்ளுபடி செய்யவும் கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தமிழிலேயே அனுப்பலாம். கூடுதல் பைட்டுக்கான கட்டணத்தை நானே கட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாற்பத்தேழாம் பக்கத்து விசுவாசி.