ஒரு சாண் உயரத்துக்கு ஏழு வருடத் தவணை

இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது விதியைப் படித்தவர்கள் போட்டதல்ல. யாரோ வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட்டைக் கொட்டி, போதாத இடத்தில் செங்கல் வைத்துப் பூசியது. என் பழைய செடான் அதைத் தாண்டும்போதெல்லாம் அடிவயிறு உரசும். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்ப்பார். வண்டியை அல்ல, என்னை. உயரமான வண்டி வாங்கியே தீருவது என்ற வைராக்கியம் எனக்குப் பிறந்தது அப்படித்தான்.

பிளஸ் டூ படிக்கும் மகன் அதற்குத் தூபம் போட்டான். கெமிஸ்ட்ரியில் தனிம அட்டவணை நினைவில் நிற்காத பிள்ளைக்கு எல்லா எஸ்யூவிகளின் கிரவுண்ட் கிளியரன்ஸும் மனப்பாடம். "190 மில்லிமீட்டர்ப்பா!" என்றான். வீட்டிலிருந்த இஞ்ச் டேப்பில் பார்த்தேன், ஏழரை அங்குலம். ஒரு சாண் வயிற்றுக்காக மனிதன் படாத பாடு படுகிறான் என்பார்கள். ஒரு சாண்கூட முழுசாக வராத உயரத்துக்காக நான் ஏழு வருடத் தவணையில் கையெழுத்துப் போட்டேன்.

இந்த மோகத்துக்குப் பிரசவம் பார்த்ததில் பாதிப் பங்கு நம் ஊருக்குத்தான். 2012-ல் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர் வந்தது. 2013-ல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2015-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா. சென்னைக்குப் பக்கத்திலேயே இத்தனை அடுப்பு எரியும்போது நான் மட்டும் எத்தனை நாள் பட்டினி கிடப்பது? நான் வாங்கிய வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் அதே வெள்ளை நிறத்தில் நாலைந்து நிற்கின்றன. அவர்களுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது.

எஸ்யூவி என்றால் என்ன என்று எனக்கு விளக்கியது ஜிஎஸ்டி கவுன்சில். நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சிசிக்கு மேல், தரை இடைவெளி 170 மில்லிமீட்டருக்குக் குறையாமல் என்று மூன்றும் பொருந்தினால், 28 சதவீத வரியோடு 22 சதவீதம் செஸ் என்று வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியை ஆள் ஏறாத வண்டியில்தான் அளக்க வேண்டும் என்று 2023-ல் தெளிவுபடுத்தவும் செய்தார்கள். தெளிவுபடுத்தாமலே விட்டிருக்கலாம். என் குடும்பம் மொத்தமும் ஏறி உட்கார்ந்த பிறகு அளந்தால், வரி கேட்க எந்த அதிகாரிக்கும் மனசு வராது. அது போகட்டும். என் வண்டியின் எஞ்சின் 1497 சிசி. மூன்று சிசி குறைந்ததால் செஸ் 17 சதவீதம்தான். ஆக, மாமியார் வீட்டுக்கு அது எஸ்யூவி, சட்டத்துக்கு வெறும் கார்.

வாங்கியது ஆடித் தள்ளுபடியில். புரட்டாசி பிறந்த கையோடு, 2025 செப்டம்பர் 22 முதல், செஸ்ஸை எடுத்துவிட்டு மொத்த வரியே 40 சதவீதம் என்றாக்கிவிட்டது அரசாங்கம். ஆடியில் எனக்குக் கிடைத்த தள்ளுபடி ஒரு குடை, ஒரு கீ செயின், சாமி படம் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். தமிழ்நாட்டு வாழ்நாள் வரி தனி. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதம். இதில் வாழ்நாள் என்பது வண்டியின் 15 வருடம். கட்டியவனின் வாழ்நாளைப் பற்றி ரசீதில் ஒன்றும் இல்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, ஏறுறதுக்கு ஏணி எங்கே?" என்றாள். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். பழைய காரில் பின்பக்கமாகச் சாய்ந்தால் போதும், சீட்டு தானாக வந்து ஏந்திக்கொள்ளும். இதில் ஒரு காலைத் தூக்கி வைத்து, மேலே பிடியைப் பிடித்து, மறு காலை உந்த வேண்டும். மறு கால் உந்தாது. பக்கவாட்டில் சைடு ஸ்டெப் மாட்டினேன். அது அம்மாவின் பாதத்தில் பாதி அகலம். மழை நாளில் அதிலிருக்கும் சேறெல்லாம் சேலைக் கரைக்கு வந்துவிடும். கடைசியில் அம்மாவே வழி கண்டுபிடித்தாள். பரணில் கிடந்த பலா மணை, அவள் கல்யாணத்தில் உட்கார்ந்தது, இறங்கி வந்தது. இப்போது நாங்கள் எங்கே போனாலும் டிக்கியில் முதலில் ஏறுவது அதுதான். ரிமோட்டில் திறக்கும் கதவு, தானாக மடியும் கண்ணாடி, மேலே வானம் பார்க்கும் சன்ரூஃப், அதன் பிறகு நான் குனிந்து போடும் மணை. ஒருமுறை திருவான்மியூர்க் கோயில் வாசலில் அதை எடுத்து வைக்காமல் கிளம்பிவிட்டோம். திரும்பிப் போனால் பூக்காரம்மா அதில் உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பந்து முடியும்வரை நின்று, இரண்டு முழம் வாங்கிக்கொண்டு மணையோடு திரும்பினேன்.

மாமனார் கதை வேறு. அவர் பல்லவன் காலத்தில் டிரைவராகச் சேர்ந்து, அது மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆன பிறகு ஓய்வு பெற்றவர். பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் 29சி ஓட்டியவர். பன்னிரண்டு மீட்டர் நீளப் பேருந்தை, படிக்கட்டில் தொங்கும் கல்லூரி மாணவர்களோடு, இரண்டு கண்ணாடியை மட்டும் நம்பிச் சந்துகளில் திருப்பியவர். நான் நாலேகால் மீட்டரை, நான்கு கேமராவை வைத்துக்கொண்டு, எங்கள் குடியிருப்பின் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைக்கத் திணறுபவன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்துத் திரையில் வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு படம் வரும். முதல் நாள் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்து, நான் அந்தப் படத்தையே பார்த்தபடி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, படத்தைப் பாக்காதீங்க. கண்ணாடியைப் பாருங்க."

"இதுல மேலேர்ந்தே தெரியும் மாமா."

"மேலேர்ந்து பாக்கறது கருடன் வேலை. நீங்க ஓட்டுறவரு."

அதற்குள் தூண் தன் வேலையை முடித்துவிட்டது. எலுமிச்சம்பழம் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொள்ளும்போலிருக்கிறது, கதவு அதன் பொறுப்பில் வரவில்லை.

வண்டிக்குள் ஒரு மின்னணு மூளை வேறு உண்டு. கோடு தாண்டினால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும், முன்னால் ஏதாவது வந்தால் கத்தும். கோட்டை மதித்து ஓட்டும் ஊருக்காகச் செய்த மூளை அது. துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் இடப்பக்கம் ஷேர் ஆட்டோ, வலப்பக்கம் தண்ணீர் லாரி, நடுவில் எதிர்த்திசையில் ஒரு ஸ்கூட்டர் வந்ததும் அது குழம்பிப்போய் ஓயாமல் பீப் அடித்தது. மாமனார் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். திடீரென்று ஒரு எருமை குறுக்கே வர, நான் கால் வைக்கும் முன்பே வண்டி தானாக நின்றது.

"பிரேக் போட்டது யாரு?"

"வண்டியே போட்டுச்சு மாமா." எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப நீங்க டிக்கெட் எடுக்கணும்."

பின் சீட்டில் என் மனைவி சிரித்த சிரிப்பில் எருமையே திரும்பிப் பார்த்தது.

வண்டி வாங்கும்போது எனக்குக் காட்டிய விளம்பரத்தில் அது பாறைமேல் ஏறி நிற்கும். வாங்கிய பிறகு படித்த கையேட்டில், எஞ்சின் இழுப்பது முன்சக்கரம் இரண்டை மட்டும் என்று இருந்தது. இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். பின்சக்கரங்கள் குடும்பத்தோடு சும்மா கூட வருபவை. எங்கள் குலதெய்வம் இருப்பது சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டில். குங்குமம் கொட்டி வைத்த நிறத்தில், கால் வைத்தால் கணுக்கால் புதையும் மணல். உறவினர்கள் எல்லாரும் தார்ச்சாலையோரம் ஹேட்ச்பேக்குகளை நிறுத்திவிட்டு நடந்தார்கள். நான் நடக்கவில்லை, நடப்பதற்கா இத்தனை தவணை? பத்தடி போனதும் முன்சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவே தனக்குக் குழி தோண்டிக்கொண்டு இறங்கியது. 190 மில்லிமீட்டரும் மணலுக்குள். வாழைத்தார் ஏற்றப் போய்க்கொண்டிருந்த ஒரு குட்டி யானை வந்து கயிறு கட்டி இழுத்தது. ஓட்டிவந்த தம்பி காசு வாங்க மறுத்துவிட்டு, "இந்த மாதிரி வண்டி இங்க நிறைய மாட்டும் அண்ணாச்சி" என்று ஆறுதல் சொன்னார். பொங்கல் வைத்து முடித்த பிறகும் சித்தப்பா அந்த வீடியோவைத்தான் எல்லாருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

மைலேஜ் பற்றிக் கேட்காதீர்கள். டவுனுக்குள் ஒன்பது, உறவினர் கேட்டால் பதினாலு. லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும்போது அந்த ஐந்தையாவது வாயால் ஈடுகட்ட வேண்டாமா?

எலித் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். இரவில் சூடு ஆறாத எஞ்சினைத் தேடி வரும். புகையிலை கட்டினேன், அந்துருண்டை போட்டேன். வண்டிக்குள் நாங்கள்தான் மூச்சு முட்டினோம். விநாயகருக்கு வாகனம் எலி, எலிக்கு வாகனம் என் வண்டி. ஒயரிங் மாற்றிய பில்லைப் பார்த்ததும் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை எண்ணிக்கையைக் குறைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வண்டி வாங்க நான் வீட்டில் சொன்ன முதல் காரணம் வெள்ளம். நாங்கள் இருப்பது வேளச்சேரியில். 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசை கட்டியதை ஊரே டிவியில் பார்த்தது. அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி கிளம்ப, போலீஸ் அதை மறுத்தது. அந்த வரிசையில் என் செடானும் இருந்தது. "உயரமான வண்டி வந்துட்டா இந்த ஓட்டம் வேண்டாம்" என்றேன். அடுத்த பருவமழைக்கு முன் எங்கள் மெக்கானிக், சர்வீஸ் முடிந்த கையோடு பானெட்டைத் திறந்து காட்டினார். எஞ்சின் காற்று உறிஞ்சும் வாய் இன்னது, அதற்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் காற்றை நெரிப்பதுபோல் தண்ணீரை நெரிக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும், வெறும் காப்பீட்டில் அந்தச் செலவு வராது, எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். "பம்பர் முங்குன வண்டியைத் தள்ளிட்டு வாங்க சார், ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதீங்க" என்றார்.

மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே மேம்பாலத்துக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் நின்றதும் எஸ்யூவி, பின்னால் நின்றதும் எஸ்யூவி. செடான்காரர்கள் தாமதமாக வந்து, இடமில்லாமல் திரும்பிப் போனார்கள்.

இந்த வருடமும் அங்கேதான் சந்திப்போம். வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சுவரை ஒட்டி நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், ஆம்புலன்ஸ் போக ஒரு பாதை விடுங்கள். எனக்குப் பின்னால் நிறுத்துபவர் மட்டும் இரண்டடி கூடுதலாகத் தள்ளி நிறுத்தவும். டிக்கியைத் திறந்து மணையை எடுக்க வேண்டியிருக்கும்.