வங்கி வேண்டாமென்ற வைரம்

என் சங்கிலிக்கு என் கழுத்தைவிட வங்கிப் பெட்டகத்தோடுதான் பழக்கம் அதிகம். புரட்டாசிக் கடைசியில் போகும். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டி, நெல்லுக்கு ஒரு விலை கிடைத்தால் திரும்பி வரும். இவருக்குப் படுவான்கரையில் நாலு ஏக்கர் வயல். உழவுகூலி, விதைநெல், பசளை எல்லாம் என் காப்பிலிருந்துதான் முளைக்கும். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சோடிக் காப்பை நான் போட்டதைவிட வயல் போட்டதுதான் கூட.

2022-இல் பவுண் ஒன்று ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியபோது ஊரே தலையில் கைவைத்தது. இவர் மட்டும் என் காப்பை ஆசையாக ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த வருடம் அடைவுக்கு நானும் கூடப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கல்லு வைத்த மோதிரமொன்றை நீட்டினார். உள்ளே இருந்த பொடியன் உரைத்துப் பார்த்தான், தராசில் வைத்தான், கல்லுக்கென்று ஒரு கழிவைப் போட்டு மிச்சத்துக்குத்தான் கணக்கு என்றான்.

“அது வைரம் தம்பி.”

“இருக்கட்டும் அக்கா. நாங்க தங்கத்துக்கு மட்டும்தான்.”

உலகமே அடிபட்டுத் திரிகிற கல், அந்தப் பதிவேட்டில் வெறும் கழிவு. எனக்கு அங்கேயே ஞானம் பிறந்தது: வயலுக்குப் போகாத நகை ஒன்றும் உலகத்தில் உண்டு!

படிப்பித்தது போதுமென்று ஓய்வுபெற்று, பணிக்கொடை கைக்கு வந்த கிழமையே அறிவித்துவிட்டேன், இனி நாளாந்தம் போட வைரம் சேர்க்கப்போகிறேன் என்று. ‘சேர்ப்பது’ கொஞ்சம் பெரிய சொல்தான். முதல் உருப்படி ஏழு சென்ற் மூக்குத்தி. நூறு சென்ற் ஒரு கரட். ஒரு கரட் 200 மில்லிகிராம். ஆக, என் கல் மொத்தம் 14 மில்லிகிராம். ஒரு நெல்மணி இதைவிடக் கனம் என்று இவர் சொன்னார். விதைநெல் வாங்கிப் பழகின வாய்.

பெரியம்மா வந்து பார்த்தா. “இஞ்ச பார் புள்ள, வைரம் எல்லாருக்கும் ஒத்துவராது. மூண்டு ராவு தலகணிக்குக் கீழ வெச்சுப் படு. கெட்ட கனவு வந்தா கடைக்காரனுக்கே குடுத்திரு. மறுகா என்னக் குத்தம் சொல்லப்படா.” வைத்துப் படுத்தேன். முதல் நாள் கனவே இல்லை. இரண்டாம் நாள் கல்விப் பணிப்பாளர் ஒருவர் வந்து பாடக்குறிப்பைக் காட்டச் சொன்னார். இது வைரத்தின் தோஷமா, ஓய்வுபெற்றவர்களின் பொது நோயா என்று பெரியம்மாவாலும் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் நுளம்புக்கடியில் தூக்கமே இல்லை. பெரும்பான்மை வாக்கில் மூக்குத்தி தங்கியது.

இரண்டாவது உருப்படிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்றிருந்தேன். அம்மம்மாவின் வெள்ளைக்கல் மோதிரம் இருந்தது. வைரமென்று சொல்லிச் சொல்லியே அவ கண்ணை மூடினவ. கடைக்காரர் லென்ஸைக் கண்ணோடு வைத்துப் பார்த்தார்.

“ரீச்சர், இது மாத்தறை வைரம்.”

“அப்ப வைரம்தானே!”

“மாத்தறை வைரம் எண்டா வைரமில்ல ரீச்சர்.”

அது சிர்கோன் என்ற கல்லாம். இலங்கை மண்ணில் நீலம் உண்டு, மாணிக்கம் உண்டு. வைரச் சுரங்கம் மட்டும் இல்லை. அந்தக் குறை தெரியாமலிருக்க, நிறமில்லாத சிர்கோனுக்கு மாத்தறையின் பேரைச் சேர்த்துப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். லென்ஸை என்னிடமும் தந்தார். மேலிருந்து கல்லுக்குள் பார்த்தால், பின்பக்க விளிம்புகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டு கோடாகத் தெரிந்தன. வைரத்தில் ஒற்றைக் கோடுதான். மேல் விளிம்புகளோ அறுபது வருடச் சம்பலில் மழுங்கிக் கிடந்தன. உண்மை வைரமாக இருந்தால் அம்மியல்லவா தேய்ந்திருக்கும்!

இனி நண்டுக் கதை. எங்கள் ஊர் நீர்நிலையை வாவி என்பது எழுதும்போதுதான். வாயில் எங்களுக்கு அது ஆறு. ஒரு ஞாயிறு ஆற்று நண்டு இரண்டு கிலோ வாங்கி, உடைத்துக் கழுவிக் கறியை இறக்கிவிட்டு முகம் கழுவினேன். மூக்கில் ஓட்டை மட்டும் இருந்தது. சுரை கழன்றிருக்கிறது. கோதுகளை முற்றத்தில் பரப்பிக் கிளறினோம். பூனையை விசாரித்தோம். கழுவிய தண்ணீரை ஆற்றுப்பக்கம் ஊற்றினாயா என்று கேட்டார் இவர். “ஊத்தியிருந்தா இனிப் பாடும்மீன் எம்.எஸ். சுப்புலட்சுமி மாதிரி மூக்குத்தி மின்ன மின்னக் கச்சேரி வெக்கும்” என்று சிரிப்பு வேறு.

கடைசியில் பேசின் வடியில் அகப்பட்டது. ஒரு கிழமை எண்ணெய்ப் பிசுக்கு அங்கே படிந்திருந்தது; அதில் பல்லி மாதிரி ஒட்டியிருந்தது. வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் நன்றாக ஒட்டும். தென்னாபிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கிறீஸ் பூசிய மேசையில் நொறுக்கிய கல்லைத் தண்ணீரோடு ஓடவிட்டால், மற்றதெல்லாம் வழுக்கிப் போக வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் காசு கொடுத்துப் பூசினார்கள். நான் பேசினைத் தேய்க்காமல் விட்டே சாதித்தேன்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய், மீன் பொரித்த ஆவி, முகத்துக்குப் பூசுகிற கிறீம் எல்லாம் வந்து ஒட்டுகிற இடமும் அந்தக் கல்லுத்தான். கிழமைக்கொருக்கால் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்க்காவிட்டால் வைரம் கண்ணாடித்துண்டு மாதிரித்தான் இருக்கும். தேய்க்கும்போது பேசின் ஓட்டையை அடைத்துவிடுங்கள்; அனுபவம் பேசுகிறது.

கடைக்காரர் தந்த சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிற ஊர் இது. தன் சிலம்புக்குள் இருந்த பரல் மாணிக்கமென்று தெரிந்துவைத்திருந்தபடியால் அவ வழக்கை வென்றா. என்னை யாரும் கேட்டால் நான் எதை உடைப்பது?

பிறகு ஒரு சோடி பொட்டுத்தோடு வாங்கினேன், காதுக்கு ஐந்து சென்ற். சேகரிப்பு அவ்வளவுதான். இந்தப் பெரும்போகத்துக்கும் சங்கிலியும் காப்பும் போய்விட்டன. அடைவுத் துண்டு அலுமாரிக்குள் இருக்கிறது. நேற்று விளக்கு வைக்கிற நேரம் இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் கழித்தாவது கண்பட்டதே என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன்.

“அந்தச் சுரை தங்கம்தானே?” என்றார்.

பதினெட்டுக் கரட். அரைக் கிராமும் வராது.