கோடம்பாக்கத்துக் கடலோரக் காவல்படை

கோடம்பாக்கத்தில் கடல் கிடையாது. ஸ்டுடியோக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் தேவைப்பட்டால் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி, பின்னால் நீலப் படுதா தொங்கவிட்டு ஒரு கடலைச் செய்துகொண்டார்கள். அதோடு சரி. ஆனாலும் சென்னைக் கடற்கரையைக் காத்தே தீருவது என்று கச்சை கட்டியவர்களில் ஒரு முக்கியமான இனம் ரங்கராஜபுரத்திலும் டிரஸ்ட்புரத்திலும்தான் குடியிருக்கிறது. இந்த இனத்துக்குத் தூண்டில்காரர் என்று பெயர். மீனவர் வேறு. அவர் மீன் பிடிப்பவர்.

தூண்டில்காரரை அடையாளம் காண்பது சுலபம். ஐம்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். வங்கியிலோ இன்சூரன்ஸிலோ டப்பிங் தியேட்டரிலோ வாழ்க்கையைக் கழித்திருப்பார். ரேஷன் கடை திறக்கும் நேரம் தெரியாது. பட்டினப்பாக்கத்தில் தண்ணீர் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் நிமிஷ சுத்தமாகத் தெரியும். விடிகிற நேரத்தில் பவர் ஹவுஸ் நிறுத்தத்தில் 12பி-க்காக நிற்பார். தோளில் பழைய கிரிக்கெட் மட்டை உறை. உள்ளே இருப்பது மட்டையல்ல.

"இன்னா சார் அது? லக்கேஜ் போடணுமா?" என்பார் கண்டக்டர்.

"ராடு. மடக்கினா ரெண்டடி. குடைக்கு டிக்கெட் போடுவீங்களா? அப்ப இதுக்கும் போடக் கூடாது."

வழக்காடுவது பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடும். கடற்கரையில் நடப்பது மேல்முறையீடு மட்டும்தான்.

பையைத் திறந்து பார்த்தால் ஆளின் முழுக்கதையும் கிடைக்கும். ஈயக்குண்டுகள், மூன்று அளவில் முள், நைலான் நரம்புச் சுருள், சின்ன எவர்சில்வர் டப்பாவில் உரித்த இறால். அந்த டப்பா இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இருந்ததற்காக வீட்டில் ஒரு சச்சரவு முடிந்திருக்கும். டப்பாவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளின் நகல்கள், 1991, 2011, 2019 என்று வரிசையாக இருக்கும். மத்திய அரசின் அறிவிக்கை எதுவும் இவ்வளவு இறால் வாடை வீசிப் பார்த்திருக்க முடியாது.

நீங்கள் மரியாதைக்கு "மீன் மாட்டிச்சா சார்?" என்று கேட்டால் தொலைந்தீர்கள். மீனைப் பற்றிப் பேச அவரிடம் அதிகம் இல்லை. மாட்டுவதெல்லாம் கெளுத்தியும் பேத்தையும்தான். கெளுத்தி முள்ளால் குத்தும். பேத்தை வயிற்றை உப்பிக்கொண்டு முறைக்கும். விஷம் என்பதால் அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஆகவே பேச்சு சட்டத்துக்குத் தாவும்.

"1981-ல இந்திரா காந்தி கடலோர முதலமைச்சருங்களுக்கு ஒரு லெட்டர் போட்டாங்க. தண்ணி ஏறுற எல்லையிலேருந்து ஐந்நூறு மீட்டருக்கு எந்த வேலையும் வேணாம்னு. அதுலேருந்துதான் சார் 91-ல சட்டம் வந்தது."

நீங்கள் வாட்சைப் பார்ப்பீர்கள். அவர் பார்க்க மாட்டார்.

"சரி, கமல்நாத் கேஸ் தெரியுமா? பியாஸ் நதி ஓரத்துல ஹோட்டல். 96-ல சுப்ரீம் கோர்ட் இன்னா சொல்லிச்சு? ஆறு, கடற்கரை, காடு, காத்து இதுக்கெல்லாம் சர்க்கார் அறங்காவலர்தான், சொந்தக்காரர் இல்லேன்னு சொல்லிச்சு. வடபழனி கோயில் அறங்காவலர் உண்டியலத் தூக்கிக்கிட்டு வூட்டுக்குப் போலாமா சார்? அதான் மேட்டரு."

இந்த இடத்தில் உங்களுக்கே ஒரு மரியாதை வந்துவிடும். மனிதர் சொல்வது அத்தனையும் சரி. சட்டத்தை எதற்காகப் படித்தார் என்பதுதான் கொஞ்சம் வேடிக்கை. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் ரோந்து ஜீப் வந்து, "கிளம்புங்க, கிளம்புங்க" என்றிருக்கிறது. அப்போதுதான் ஏதோ ஒன்று தூண்டிலை இழுத்திருக்கிறது. அது கொடுவாதான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். அந்தக் கொடுவாயின் ஞாபகார்த்தமாகத் தொடங்கியதுதான் பொதுமக்கள் கடற்கரை உரிமைக்கான இந்தப் போராட்டம்.

அவருடைய கனவு நாடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். அங்கே 1640-களில் போட்ட குடியேற்ற காலத்துச் சட்டம் ஒன்று இன்னும் செல்லுபடியாகிறது. கடற்கரை வீட்டுக்காரருக்குத் தண்ணீர் வற்றும் எல்லைவரை நிலம் சொந்தம். பொதுமக்கள் அந்த ஈர மணலில் மீன் பிடிக்கலாம், பறவை சுடலாம், படகு விடலாம். காலாற நடப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அங்கே சும்மா உலாவப் போகிறவர்களும் கையில் ஒரு தூண்டிலைப் பிடித்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. நம்மவருக்கு இதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "தூண்டில்தான் சார் அங்க பாஸ்போர்ட்டு" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அந்த நாலு பேரும் வாக்கிங் போகிறவர்கள். நம்மூரில் அவர்களுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை.

உள்ளூர் அரசியலில் அவருக்கு ஒரு பூகோளச் சிக்கல் இருக்கிறது. ஓட்டு இருப்பது மாநகராட்சியின் பத்தாவது மண்டலமான கோடம்பாக்கத்தில். தூண்டில் போடுவது ஒன்பதாவது மண்டலமான தேனாம்பேட்டையின் கடலோரத்திலும், பதின்மூன்றாவது மண்டலமான அடையாற்றின் பெசன்ட் நகரிலும். அங்கே உள்ள கவுன்சிலருக்கு இவர் வாக்காளர் இல்லை. இங்கே உள்ள கவுன்சிலருக்குக் கடல் இல்லை. 2022-ல் தமிழகம் முழுக்க நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியபோது, கேட்க ஆள் வந்தது என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் குப்பை, கொசு, சாக்கடை, தெருவிளக்கு என்று எழுந்தார்கள். இவர் எழுந்து உயர் அலைக் கோடு, தாழ் அலைக் கோடு என்று ஆரம்பித்தார்.

"சார், நம்ம வார்டுல கடலே இல்லியே" என்றார் மேடையில் இருந்தவர்.

"அதத்தான் குறையா எழுதிக்கங்கன்றேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "டிசம்பர் மழைல வந்துடும் சார், வெயிட் பண்ணுங்க."

கூட்டத்தில் அன்றைக்கு ஒருமனதாக நிறைவேறியது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

பெரிய கூட்டங்களையும் அவர் விடுவதில்லை. மெரினா கடலுக்குள் 134 அடி உயரத்தில் கலைஞர் நினைவாகப் பேனாச் சின்னம் எழுப்புவது பற்றி 2023 ஜனவரி 31-ல் கலைவாணர் அரங்கத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஆதரித்துச் சிலர், எதிர்த்துச் சிலர், மைக்கைப் பிடித்து இழுக்காத குறையாக அமளி. அன்றைக்குத் தூண்டில்காரர் இனம் மட்டும் நடுநிலை வகித்தது. அவர்கள் மண்டையைக் குடைந்த கேள்வியே வேறு. சின்னத்துக்குப் போகக் கடலுக்குள் நடைபாலம் வருமாமே, அதன் கைப்பிடியில் தூண்டிலைச் சாய்த்து வைக்க விடுவார்களா? விடுவார்கள் என்றால் ஆதரவு. மாட்டார்கள் என்றால் சூழலியல் காரணங்களுக்காகக் கடும் எதிர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் போராட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இடம்பெயரும். 2011 அறிவிக்கையின் ஓர் இணைப்பில், இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் அகலத்துக்காவது வழி விட வேண்டும் என்று இருக்கிறது. அளக்கும் டேப் எதற்கு? தூண்டில் நரம்பில் 20 மீட்டருக்குச் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். நெயில் பாலிஷ் மகளுடையது. அது வேறு வழக்கு. இந்தப் பக்கத்துச் சுவரில் முள்ளை மாட்டி, அந்தப் பக்கத்துச் சுவர் வரைக்கும் நரம்பை விட்டுக்கொண்டே போவார். சிவப்புப் புள்ளி வெளியே வருவதற்குள் சுவர் வந்துவிட்டால், அந்த விடுதியின் பெயர் ஃபைலில் ஏறும். காவலாளி ஓடி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "மீன் பிடிக்கிறேன்" என்பார். தரையில் நின்றுகொண்டு நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்.

இப்படி யாருக்கும் தலை வணங்காத மனிதர் வாயடைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. நொச்சிக்குப்பம், லூப் ரோடு. மனுவுக்குக் கையெழுத்து வாங்க அங்கே போனார். வஞ்சிரத்தை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், கைல இன்னா பேப்பரு?"

"கடற்கரை பொதுமக்களுக்குத்தான் சொந்தம்னு மனும்மா."

"எண்பத்தஞ்சுல எங்க ஆளுங்க இதுக்குத்தான் குண்டு வாங்குனாங்க. நீ கையெழுத்து வாங்கறே. வாங்கு சார், வாங்கு. அது ஒடம்புக்கு நல்லது."

அந்த அம்மா சொன்னது சரித்திரம். 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போய், போராட்டம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் லூப் ரோட்டு மீன்கடைகள் அகற்றப்பட்டபோது, குப்பத்து ஜனங்கள் படகை நடுரோட்டில் இழுத்துப் போட்டு மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் அவர்களுக்காக 366 கடைகளோடு புது மீன் அங்காடி திறந்தது. ஃபைல், நகல், நெயில் பாலிஷ் எதுவும் அவர்களிடம் இல்லை. காலையில் கடலுக்குப் போய்வந்து, மத்தியானம் மறியலில் உட்கார்ந்தார்கள்.

நம்மவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கரையோரமாகப் போய்த் தூண்டிலை வீசி நின்றால், இரண்டு நிமிஷத்தில் பின்னாலிருந்து சத்தம் வரும்: "அண்ணே, கொஞ்சம் ஓரமா! போட்டு ஏறுது!" ரோந்து ஜீப்புக்கு நகராதவர், விடுதிக் காவலாளிக்கு நகராதவர், அறிவிக்கை எண்ணைச் சொல்லாமலே நகர்ந்துவிடுவார். நகர்ந்ததோடு நிற்காமல், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படகை ஒரு கை தள்ளியும் விடுவார். அவர் தள்ளியதால் படகு ஏறியதா என்று யாரும் கேட்பதில்லை.

சிரித்தது போதும். இவரால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடற்கரையை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கடத்திக்கொண்டு போவதில்லை. முதலில் வரைபடத்தில் 'காலி இடம்' ஆகிறது. படகு நிறுத்துமிடமும் வலை காயப்போடும் இடமும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் விடுபட்டுவிட்டன என்று மீனவர்கள் புகார் சொல்வது அதனால்தான். காலி என்று எழுதியாகிவிட்டால் அப்புறம் சாலை வரலாம், வேலி வரலாம், கட்டணச் சீட்டு வரலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம்வரை கடலோரமாக உயர்மட்டச் சாலை போடும் திட்டம் ஒன்று பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வந்து, மீனவர்களும் குடியிருப்போரும் எதிர்த்ததில் கைவிடப்பட்டது. காலி என்று எழுதாமலிருக்க, அளக்க வருகிறவர் கண்ணில் கரையில் மனிதர்கள் பட வேண்டும். தொழிலுக்காக நிற்கும் மீனவர் பட வேண்டும். கூடவே, எந்த வேலையும் இல்லாமல், எதுவும் வாங்காமல், எதையும் பிடிக்காமல் மணிக்கணக்காக ஒருவர் நிற்க முடிகிறது என்பதும் பட வேண்டும். அதுதானே பொது இடம்? அந்த உத்தியோகத்துக்கு நம் தூண்டில்காரரைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டார். சம்பளமும் கேட்பதில்லை.

ஆகவே அடுத்த முறை பட்டினப்பாக்கத்திலோ பெசன்ட் நகரிலோ அவர் ஃபைலைத் திறந்தால் ஓடாதீர்கள். இந்திரா காந்தி கடிதத்தை ஒரு தடவை கேளுங்கள். கையெழுத்தும் போடுங்கள். பேனா உங்களுடையதாக இருந்தால் மட்டும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போனால் இறால் டப்பாவுக்கு அடியில் போய்விடும். அதற்கு எந்தக் கோர்ட்டிலும் நியாயம் கிடைக்காது.