கார்த்திக்கியம்: வேங்கிக்காலிலிருந்து ஒரு முதல்நிலை ஆய்வு

திங்கட்கிழமை காலை திருவண்ணாமலை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க நிற்கும் கூட்டத்தை நோக்கி "கார்த்திக்!" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள்? இவ்வாய்வின் தோற்றுவாய் இக்கேள்வியே. திரும்பாதவர்களில் சிலர் கார்த்திகேயன்கள். அவர்களுக்கும் அரை நொடி சந்தேகம் வரும்.

பெயர்ப் பெருக்கத்துக்கு 2,668 அடி மலையே காரணம் என்பது உள்ளூர்க் கொள்கை. கார்த்திகைதோறும் உச்சியில் தீபம் ஏற்றும் ஊரில் பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பது? தீபம் சிவனுக்கு, பெயரோ முருகனுக்கு என்று மறுப்போர் உண்டு. அப்பன் விழாவில் பிள்ளை பெயர் வாங்குவது தமிழ்நாட்டில் புதிதல்ல என்பதால் அம்மறுப்பைத் தள்ளுகிறோம். கீழே வரும் கார்த்திக்குகள் யாரும் இம்மலையடியில் பிறக்கவில்லை என்பது மட்டும் கொஞ்சம் இடிக்கிறது.

தலைமைச் சான்று, 2004 நவம்பர், மும்பை வான்கடே டெஸ்ட். 107 ரன் எடுத்தால் வெற்றி என்றிருந்த ஆஸ்திரேலியா 93-க்குச் சுருண்டது. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து ஏழு விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனவர் முரளி கார்த்திக். விக்கெட் கீப்பராக அன்று டெஸ்டில் அறிமுகமானவர் தினேஷ் கார்த்திக். பந்து போடுவதும் கார்த்திக், பிடிக்கக் காத்திருப்பதும் கார்த்திக். கேப்டன் திராவிட் யாரை எப்படிக் கூப்பிட்டார் என்பதே எமக்கு வெற்றியைவிட முக்கியம். ஆங்கில ஸ்கோர்கார்டு ஒருவருக்கு ஓர் எழுத்தைக் குறைத்துத் தப்பித்துக்கொண்டது. தமிழ்ப் பத்திரிகைக்கு அந்த வசதியும் இல்லை.

அடுத்து முரளிச் சிக்கல். 2023 அக்டோபரில் கத்தாரில் கறுப்புக் காய்களோடு ஆடி மாக்னஸ் கார்ல்சனை வீழ்த்திய தஞ்சாவூர்க்காரர் முரளி கார்த்திகேயன். 'அலைகள் ஓய்வதில்லை' (1981) நாயகன் கார்த்திக்கின் இயற்பெயரிலும் முரளி உண்டு. முரளி என்றால் கண்ணன், அதாவது மாமன், கார்த்திகேயன் மருமகன். மாமனையும் மருமகனையும் ஒரே ஆளில் ஏற்றினால் ஏதோ நடக்கிறது. 'அலைபாயுதே', 'விண்ணைத்தாண்டி வருவாயா' கார்த்திக்குகள் தனி நூல் கேட்பார்கள், இப்போதைக்கு வேண்டாம்.

எஞ்சியவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். இவர் நரேன் மட்டுமே. கார்த்திகேயன் என்பவர் ரேலி ஓட்டிய அப்பா. வர்ணனையாளர்கள் உலகம் முழுக்க அப்பாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயினும் பெயர் வேலை செய்தது. 2005 அமெரிக்க கிராண்ட் பிரியில் நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அன்று ஓடிய கார்கள் ஆறே ஆறு. மிஷலின் டயர் தகராறில் மற்ற 14 கார்களும் ஒதுங்கிவிட்டன என்று விளையாட்டு நிருபர்கள் காரணம் எழுதினார்கள். கார்த்திகைப் பெண்கள் அறுவர், வளர்ந்த பிள்ளைக்கு முகம் ஆறு, களத்தில் கார் ஆறு. டயரையே பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் இதை எப்படி விளக்குவது?