அசைன்மென்ட் இயல்: கல்லூரிக் கட்டுரையின் படிநிலைகள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். அவை குற்றங்கள் அல்ல, தமிழ்நாட்டு மாணவர் அசைன்மென்ட் எழுதும் படிநிலைகளே என நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம். எடுத்துக்கொண்ட தலைப்பு: 'பாரதியாரின் பெண் விடுதலைச் சிந்தனைகள்'. அளவு 10 பக்கம். கடைசி நாள் திங்கட்கிழமை.

முதற்படி: குன்றக் கூறல்

தலைப்பு தந்த நாள்முதல் ஞாயிறு மாலைவரை நீள்வது. இக்காலத்தில் ஒரு வரியும் எழுதப்படுவதில்லை. ஆனால் ஏ4 தாள் வந்துவிடும். முகப்பில் பெயரும் பதிவெண்ணும் ஸ்கெட்ச் பேனாவால் மிளிரும். மார்ஜின் அகல அகல எழுத வேண்டிய இடம் குறையும் என்பதால் நான்கு பக்கமும் தாராளமாகக் கோடு விழும். ஒதுக்கிய காலம் முழுவதும் வேலை பரவும் என்று 1955இல் பார்க்கின்சன் எழுதினார். விடுதி மாணவருக்கு அவ்விதி செல்லாது; அங்கே வேலை கடைசி இரவுக்குள் சுருங்கிக்கொள்ளும்.

இரண்டாம் படி: மூலச்சுவடி தேடல்

முதல், வழி, சார்பு என நூல் மூவகை என்பதும் நன்னூல் முடிபே. போன வருடத்து சீனியர் எழுதியது முதல்நூல். அதை முதலில் கைப்பற்றியவர் எழுதுவது வழிநூல். அதன் பக்கங்களை வாட்ஸப்பில் படமாகப் பெற்று மற்றவர்கள் எழுதுபவை சார்புநூல்கள். படமெடுத்தவரின் கட்டைவிரல் மறைத்த வரி சார்புநூல் அனைத்திலும் இருக்காது. பாடபேத ஆய்வாளர் இதைக்கொண்டே சுவடிகளின் வமிசாவளியை வரைந்துவிடலாம்.

மூன்றாம் படி: மற்றொன்று விரித்தல்

பாரதி 1882இல் எட்டயபுரத்தில் பிறந்தார். மூன்று பக்கம் ஆகியும் அவரால் ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது. நான்காம் பக்கத்தில் காசி, ஐந்தில் சென்னை, ஆறில் புதுச்சேரி. பெண்கள் ஏழாம் பக்கத்தில்தான் தலைகாட்டுவார்கள். 1905இல் தொடங்கிய 'சக்கரவர்த்தினி' என்ற மாதர் இதழுக்கு அவர் ஆசிரியராக இருந்தார் என்பது தலைப்புக்கு நேராகப் பொருந்தும் செய்தி. கட்டைவிரல் மறைத்தது அந்த வரியைத்தான்.

நான்காம் படி: கூறியது கூறல்

இரவு இரண்டு மணி, எட்டாம் பக்கம். பெண் விடுதலை முதலில் 'முக்கியமானது', அடுத்த பத்தியில் 'முக்கியத்துவம் வாய்ந்தது', அதற்கடுத்து 'இன்றியமையாதது'. எழுத்து பருத்து, வரிக்கு நான்கு சொல் என்றாகும். முன்னுரையில் உள்ள 'காண்போம்' எல்லாவற்றையும் 'கண்டோம்' என மாற்றினால் முடிவுரை தயார்.

ஐந்தாம் படி: சென்று தேய்ந்து இறுதல்

காலை எட்டரைக்கு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போடுகையில், யாரும் திறந்தே பார்க்காத ஆறு புத்தகங்கள் துணைநூற்பட்டியலில் சேரும். பேராசிரியர் பக்கத்துக்கொரு சிவப்பு டிக் போட்டு, கடைசியில் கையெழுத்திடுவார்.

முடிவுகள்

மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல் முதலியவை எல்லாப் படிகளிலும் விரவிக் கிடப்பதால் தனியே பிரிக்கப்படவில்லை. ஆக, ஒன்பது குற்றங்கள் ஐயமின்றிப் பொருந்துகின்றன. பத்தாவதான 'நின்று பயனின்மை' மட்டும் பொருந்தவில்லை. இன்டர்னலில் ஐந்து மார்க் விழுந்துவிடுகிறதே.