கிட்டத்தைக் கிட்ட நின்னு பாருங்க மாப்ளே

வாங்க மாப்ளே. உருக்காலையில எஞ்சினியராமே! கழுத்து அட்டையோட சந்தைக்கே வந்துட்டீங்க, கத்திரிக்காக்காரன் வெலை கொறைச்சானா? செரி, உக்காருங்க. உலைக்கு முன்னால வெந்தவன் சொல்றேன், கேட்டுக்கோங்க.

உருகுன இரும்பு மேல மெதக்குற கிட்டத்தைக் குப்பைன்னு நெனைச்சுராதீங்க. பரப்பு இழுவிசை தண்ணிக்கு மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், சிலிக்கேட் கிட்டத்துக்கு சுமாரா 300லருந்து 500, ஆக்சிஜனும் கந்தகமும் இல்லாத சுத்த இரும்புக்கு 1,800 பக்கம். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதனாலதான் ரெண்டும் தானாப் பிரிஞ்சு நிக்கும்னு நம்பி நிக்கிறீங்க.

அங்கதான் பங்காளிக் கூத்து! இரும்புல இருக்குற கந்தகம் கிட்டத்துக்குத் தாவுற நேரத்துல ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இழுவிசை படக்குன்னு சரிஞ்சுரும். கொடுக்கல் வாங்கல் நடக்குற மட்டும் ஒருத்தர் மடியில ஒருத்தர். கணக்கு முடிஞ்சா பழையபடி மொறைப்பு. 1950கள்ல பிரான்ஸ்ல கோசகேவிச்சும் கூட்டாளிகளும் கிட்டத்துக்குள்ள கெடந்த இரும்புத் துளிய எக்ஸ்ரே போட்டே பாத்துட்டாங்க. கந்தகம் எறங்குற வரைக்கும் சப்பையாக் கெடந்த துளி, அப்பறம் மறுபடி உருண்டுக்கிச்சாம். அதனால, கலக்குற நேரத்துல நல்லாக் கலக்குங்க, ஊத்துறதுக்கு முன்னால கொஞ்சம் அடங்க வுடுங்க. அவசரப்பட்டா கிட்டத்துளி வார்ப்புக்குள்ள குடியேறி, சோதனையில கம்பி அத்துப்போறப்ப உங்க மானத்தையும் சேத்து வாங்கிரும்.

அப்பறம் நொரை. மின்வில் உலையில கரித்தூள் ஊதி நொரை கட்டுனா, அது வில்லை மூடி உலைச் செவுத்தைக் காப்பாத்தும். இழுவிசை கொறைஞ்சாப் போதும், நொரை வந்துரும்னு பரீட்சையில எழுதியிருப்பீங்க. யாரு திருத்துனாங்களோ, மார்க்கும் போட்டிருப்பாங்க! பரப்புல வந்து ஒக்காந்துக்குற சிலிக்கா, பாஸ்பரஸ் ஆக்சைடு மாதிரி சரக்கும் வேணும், கொழகொழப்பும் வேணும் சாமி. கன்வெர்ட்டர்ல இதே நொரை மிஞ்சுனா, இரும்பையும் கூட்டிக்கிட்டு வாய் வழியா வெளிய வந்துரும். அன்னைக்கு ஷிப்டுல நீங்க இல்லாமப் பாத்துக்கோங்க.

சூடேறுனா இழுவிசை கொறையும்னு சூத்திரம் சொல்லாதீங்க. சிலிக்கா மிகுந்த கிட்டத்துல சூடேற ஏற வலைப்பின்னல் அத்துக்கிட்டு, இழுவிசை கூடும். அது படிச்சவன் பேச்சக் கேக்காத சாதி.

அது கெடக்கட்டும். பைக் வாங்கறேன்னு எங்கிட்டப் பணம் கேட்டு வந்தப்ப, என்னா ஒட்டு ஒட்டுனீங்க மாப்ளே! இப்ப என்னமோ துளி உருண்டுக்கிட்ட மாதிரித் தெரியுதே?