பொருள்: கணினி கற்றல் – தொடர்பாக

திருமயம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்துக்குப் பத்து கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை, பாஸ்போர்ட் போட்டோ என்று மூன்று பலகைகளைச் சுமந்துகொண்டு நிற்கும். வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தால் உள்ளே சார் இருக்கிறார் என்று அர்த்தம். வேறு யாரும் அங்கே செருப்பைக் கழற்றுவதில்லை. கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணே செருப்போடுதான் உட்கார்ந்திருக்கும். சார் மட்டும் கழற்றுவார்.

காரணம் உண்டு. அவர் வேலை பார்த்த அரசு அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குத் தனி அறை, கண்ணாடிக் கதவு, ஏ.சி. எல்லாம் கொடுத்தார்கள். அதிகாரிக்கு மின்விசிறிதான். ‘காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்’ என்று கதவில் ஒட்டியிருந்தது. ஆயுத பூஜை அன்று மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். அப்படிப்பட்ட மூர்த்தியைச் செருப்புக்காலோடு தொட அவருக்கு இன்றும் மனசு வருவதில்லை.

சார் 58 வயதில் ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் டைப்ரைட்டிங் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பாஸ் செய்தவர். வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் மஞ்சள் பை. பைக்குள் நாற்பது பக்க நோட்டு. மேலே பிள்ளையார் சுழி, அதன்கீழ் ‘கணினி இயக்கும் முறை’. முதல் பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

‘1. மேசைக்கு அடியில் உள்ள பெட்டியில் வட்டப் பொத்தானை ஒருமுறை மட்டும் அமுக்கவும். 2. காத்திருக்கவும். 3. திரையில் மலைப் படம் தோன்றும். 4. மலைப் படம் தோன்றாவிடில் பாப்பாவை அழைக்கவும்.’

அந்தப் பெண்தான் பாப்பா. எம்.சி.ஏ. படித்திருக்கிறது, சாருக்குப் பாப்பா.

உலகத்தில் கம்ப்யூட்டரை ஒரு கருவியாக நினைப்பவர்கள் உண்டு, பொம்மையாக நினைப்பவர்கள் உண்டு. சார் அதை மேலதிகாரியாக நினைக்கிறார். அது எந்த நேரத்திலும் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கும் என்கிற பயம் அவருக்கு. இரட்டைக் கிளிக்கை அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, இன்னொரு தட்டு. தாசில்தார் அறைக் கதவைத் தட்டுகிற மரியாதை. மேலதிகாரி திறப்பதில்லை. “வேகமா, டக்டக்னு சார்” என்று பாப்பா சொன்னால், “அவசரப்படக் கூடாதும்மா, உள்ள என்ன வேலையா இருக்கோ” என்பார்.

மவுஸ் மேசையின் ஓரத்துக்கு வந்துவிட்டது, அம்புக்குறி இன்னும் பாதித் திரையில்தான் நிற்கிறது என்றால் நாமெல்லாம் மவுஸைத் தூக்கி நடுவில் வைப்போம். சார் “மேசை பத்தலையே” என்பார். விசைப்பலகை விஷயத்தில் நேர்மாறு. அங்கே அவர் ராஜா. பத்து விரலும் இறங்கும், கடை அதிரும். டைப்ரைட்டரில் அடி பலமாக விழுந்தால்தான் மூன்றாவது கார்பன் பிரதியில் எழுத்து தெரியும். இந்த இயந்திரத்தில் மூன்று பிரதி வேண்டுமென்றால் மெதுவாக அடித்தாலும் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் விரல் கேட்க மாட்டேன் என்கிறது. வரி முடிந்ததும் இடது கை தானாக உயர்ந்து, இல்லாத கைப்பிடியைக் காற்றில் தள்ளிவிட்டு இறங்கும். அதே வேலையை எண்டர் பொத்தான் செய்கிறது, அதற்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர் வந்ததே அந்தக் கைப்பிடியால்தான் என்று சொன்னேன். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு திருப்தி. தங்கள் ஆள் ஒருவர் உள்ளே வேலையில் இருக்கிறார் என்று தெரிந்த திருப்தி.

தமிழ்99 வேறு கதை. 1999-இல் அரசே கொண்டுவந்த தட்டச்சு முறை; உயிரெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு என்று அழகாகப் பிரித்த ஏற்பாடு. ஆங்கில ஏ-யில் அ, எச்-சில் க. புதிதாகப் படிப்பவர்களுக்குச் சில நாள் வேலைதான். சாருக்கோ பழைய தமிழ் டைப்ரைட்டர் விரலில் ஊறியிருக்கிறது. க அடித்தால் வேறு என்னவோ விழுகிறது. “அரசாணை வந்தாச்சுன்னா கட்டுப்படணும்” என்று ஒரு மாதம் முயன்றார். பிறகு விரல்கள் ஒட்டுமொத்த விடுப்பில் போய்விட்டன.

இனி பாஸ்வேர்டு. எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, எண் வேண்டும், ஒரு குறியும் வேண்டும் என்று கேட்டதும் சார் யோசிக்கவே இல்லை. ஊர்ப் பெயர், நடுவில் ஒரு சுழி, பின்னால் 1687. சேதுபதி மன்னர் திருமயம் மலையில் கோட்டை கட்டிய ஆண்டாகச் சொல்வது அதைத்தான். ஊரில் அறுபது தாண்டிய பாதிப் பேருக்கு இதேதான் பாஸ்வேர்டாக இருக்கும் என்பது என் சந்தேகம். (யாரும் முயல வேண்டாம். சார் மாற்றிவிட்டார்.)

இந்தப் பாஸ்வேர்டில் ஒரு மர்மம் இருந்தது. சார் அடித்தால் திறக்கும். பாப்பா அடித்தால் ‘தவறு’ என்று வரும். ஒரே எழுத்து, ஒரே எண். நான் அடித்தேன், தவறு. விடுமுறைக்கு வந்த பேரன் அடித்தான், தவறு. சார் வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பத்து விரலையும் இறக்கினார். திறந்தது. கடையில் நின்றவர்கள் அவரை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். “யானை பாகன் குரலுக்குத்தான் கட்டுப்படும்” என்றார். இரண்டு மாதம் ஊரில் இந்தப் பெருமை ஓடியது.

கடைசியில் பாப்பாதான் கண்டுபிடித்தது. “சார், அதையே இந்தத் தேடுற பெட்டியில அடிங்க” என்றது. மறைக்கும் புள்ளிகள் இல்லாமல் எழுத்து வெளியே தெரிந்தது. 1687-இல் ஒன்று இல்லை. ஆங்கிலச் சின்ன எல் நின்றுகொண்டிருந்தது. பழைய டைப்ரைட்டர்கள் பலவற்றில் ஒன்று என்கிற எண்ணுக்குத் தனி விசையே கிடையாது. சின்ன எல்லைத்தான் ஒன்றாக அடிப்பார்கள். சார் பணியில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் அடித்திருக்கிறார். எத்தனை சம்பளப் பட்டியல், எத்தனை தேதி, எத்தனை அரசாணை எண்! தாளில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இயந்திரத்துக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. “ஒன்னு வேற, எல் வேறயாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சார் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று உண்டு. தெரு விளக்குக்காக மூன்று பக்க மனு அடித்தார். மறுநாள் வேறொரு மனு அடித்து, அதற்கும் ‘மனு’ என்றே பெயர் வைத்துச் சேமித்தார். ஏற்கெனவே இந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றவா என்று அது முறைப்படி கேட்டது. மேலதிகாரி கேட்டால் ஆமாம் என்றுதானே சொல்ல வேண்டும்? ஆமாம் என்றார். தெரு விளக்கு அணைந்தது. நான் அவரைச் சத்தியகிரீசுவரர் குடைவரைக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினேன். அங்கே பழைய இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலத்தவர் அதில் ஒரு பகுதியைச் செதுக்கி அழித்துவிட்டு, மேலேயே தங்கள் சாசனத்தை வெட்டியிருக்கிறார்கள். “நம்ம ஊர்ல இது பல நூறு வருஷத்துப் பழக்கம் சார்” என்றேன். “அவன்கிட்ட மாற்றவான்னு யாராச்சும் கேட்டிருப்பாங்களா?” என்றார்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். மகன் சென்னையில் இருக்கிறான். அவனுக்குச் சார் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: ‘பொருள்: கேஸ் சிலிண்டர் – பதிவு செய்தல் – தொடர்பாக. பார்வை: தங்களது குரல் பதிவு, நேற்றைய நாள். பார்வையில் காணும் குரல் பதிவில் கோரியபடி சிலிண்டர் பதிவு செய்யப்பட்டது என்ற விவரம் பணிந்து தெரிவிக்கப்படுகிறது. – அப்பா. நகல்: மருமகளுக்கு, தகவலுக்காக.’ மகன் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவான். ஒப்பம் கிடைத்ததாக எடுத்துக்கொள்வார்.

காலை வணக்கப் படங்களில் சார் யாருக்கும் சளைத்தவரல்ல. இந்தியர்களின் காலை வணக்கம் போன்களை நிரப்பி முடக்குகிறது என்று கூகுள்காரர்களே கண்டு, அதைத் துடைக்க ஒரு செயலியும் கொடுத்தார்கள். 2018-இல் வெளிநாட்டுப் பத்திரிகைவரை போன செய்தி இது. அந்தப் பெருமையில் திருமயத்துக்கும் பங்கு உண்டு. அதே ஆண்டு, ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்குமேல் தள்ளிவிட முடியாது என்று வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு வைத்தது. நாமெல்லாம் திட்டினோம். சார் மட்டும், “அதிகார வரம்புன்னு ஒன்னு வேணும்ல” என்று ஏற்றுக்கொண்டு, பெரிய கோபுரப் படத்தை ஐந்தைந்தாகப் பிரித்துச் சுற்றுக்கு விட்டார்.

இப்படியே போனால் சார் எங்கேயும் முறையாகக் கற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். போனார். 2017-இல் மத்திய அரசு கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் கொண்டுவந்தது. ஆறு கோடி வீடுகள் இலக்கு, வீட்டுக்கு ஒருவர், இருபது மணி நேரப் பயிற்சி, கட்டணம் இல்லை. சார் வெள்ளைச் சட்டையில் போய் நின்றார். 14 முதல் 60 வயதுவரைதான் என்றார்கள். அவருக்கு 61. “வேலையில இருக்கறப்ப நேரம் குடுக்க மாட்டான். நேரம் கிடைக்கறப்ப வயசு முடிஞ்சுபோச்சுங்கறான்” என்று திரும்பி வந்தார். இதில் எனக்கும் கோபம்தான். பென்ஷன், ரேஷன், பட்டா என்று எல்லாவற்றையும் திரைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்தத் திரைமுன் அதிகம் தடுமாறுகிறவரை வயதைச் சொல்லித் திருப்பி அனுப்புவது என்ன கணக்கு?

வீட்டின் இடம் வீணாகக் கூடாதே என்று மனைவியை அனுப்பினார். எங்களுக்கெல்லாம் அம்மா; அப்போது வயது 56. தினமும் என்ன நடத்தினார்கள் என்று குறிப்பெடுத்து வரச் சொல்லிப் புது நோட்டும் வாங்கிக் கொடுத்தார். அம்மா அதில் பால் கணக்கு எழுதியது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேலான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் வந்து பார்த்து எழுதி, அது பாடப் புத்தகம்வரை போயிற்று. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. ஆண்கள் சைக்கிளிலேயே குறுக்குக் கம்பிக்கு மேல் காலைப் போட்டுப் பழகினார்கள். அந்த லட்சத்தில் ஒன்று அம்மா. முழங்காலில் தழும்பு இருக்கிறது. இறங்கத் தெரியாமல் வேலி ஓரமாகப் போய் விழுந்துதான் இறங்குமாம். விழுந்தால் சைக்கிள் கோபித்துக்கொள்ளாது என்று அன்றைக்கே அதற்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே போன் கைக்கு வந்ததும் அம்மா எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தது. தப்பான இடத்துக்குப் போனால் திரும்பி வந்தது. மைக்கை அமுக்கி, “கருவாட்டுக் குழம்புல உப்புக் கூடிப்போச்சு, என்ன செய்ய?” என்று கேட்டு யூடியூபில் விடை வாங்கியது. பூக்காரிக்கு ஜீபேயில் முப்பது ரூபாய் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். சார் அனுப்பினால் கடைப் பெட்டி வாய்விட்டுத் தொகையைச் சொல்லும்வரை அசைய மாட்டார். சொன்ன பிறகு, “இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க” என்பார். ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டுமே, அந்த ஜீவன் பிரமாண் சான்றுக்குப் போனில் முகம் காட்டும்போது கண் சிமிட்டச் சொன்னது. மேலதிகாரி முன்னால் கண்ணடிப்பதா என்று சார் விறைத்து நின்றார். “ஏங்க, சிமிட்டுங்கங்குறேன்! இல்லாட்டி செத்துப்போனதா எழுதிக்குவான்!” என்று அம்மா போட்ட சத்தத்தில் இரண்டு கண்ணும் தானாக மூடித் திறந்தன. பென்ஷன் வந்தது.

போன மார்கழியில் ஒரு வீடியோ அழைப்பு. காக்கிச் சட்டை, பின்னால் கொடி. உங்கள் ஆதாரில் குற்றம் நடந்திருக்கிறது, டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அறையை விட்டு நகரக் கூடாது, பணத்தைச் சரிபார்க்க இந்தக் கணக்குக்கு அனுப்பு என்று இந்தியும் இங்கிலீசுமாக மிரட்டல். சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்றே கிடையாது. அது தெரியாமல் படித்தவர்களே லட்சக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள். சாருக்கும் அது தெரியாது. அவர் நோட்டைத் திறந்தார். பேனாவைத் திறந்தார். “கோப்பு எண் சொல்லுங்க” என்றார். “எந்தப் பிரிவு? உங்க பதவி, முழுப் பெயர்? கடிதம் முறையான வழியாத்தான் வரணும். நேரா எனக்கு எழுத உங்களுக்கு அதிகாரம் இருக்கா? நகல் யார் யாருக்குப் போட்டிருக்கீங்க?” இருபது நிமிடம். கடைசியில் காக்கிச் சட்டைதான் இணைப்பைத் துண்டித்தது. “பதில் வரல” என்று சார் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அம்மா உடனே பாப்பாவிடம் போய்ச் சொன்னது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடிக்க வேண்டும், சீக்கிரம் சொன்னால் வங்கியில் தொகையை நிறுத்திவைக்க வழி இருக்கிறது என்று பாப்பா சொல்ல, சார் அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறார். நீங்களும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, போனில் எண் அடிக்கும் பலகையில் ஒன்றுக்குத் தனிப் பொத்தான் உண்டு.